கரைக்கடல் மீன்வளத்தை ஊரே நிர்வகிக்க: எங்கே தொடங்குவது, எதில் கவனம் வைப்பது

மீன்வள நிர்வாகத்தில் ஊர் மக்களைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லாத திட்ட அறிக்கை இன்று கிடையாது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பில் 2014இல் ஏற்கப்பட்ட, சிறு அளவு மீன்பிடிப்புக்கான வழிகாட்டு நெறிகளும் அதைத்தான் வலியுறுத்துகின்றன. கரையில் நடப்பது வேறு. விதியை அலுவலகத்தில் எழுதி முடித்துவிட்டு, கையெழுத்து வாங்கக் கூட்டம் போடுவார்கள். வரவேற்புரை, வருகைப் பதிவேடு, குழுப் படம், நன்றியுரை. கொஞ்ச காலம் கழித்துப் போனால் விதியும் இருக்காது, அதை எழுதிய அதிகாரியும் மாற்றலாகிப் போயிருப்பார்.

மீன்பிடி ஊர்களுக்கும் துறை அலுவலகங்களுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பதுதான் என் வேலை. ஒரு விதி நிற்குமா என்று கணிக்க நான் பெரிய ஆய்வெல்லாம் செய்வதில்லை. இரண்டு பட்டியல் எழுதுவேன். இந்த விதியால் இன்று யார் வீட்டில் வருமானம் குறைகிறது? நாளை மீன் பெருகினால் அது யார் வலையில் விழும்? இரண்டிலும் பெரும்பாலும் அதே பெயர்கள் இருந்தால் விதி பிழைக்கும். வேறு வேறு பெயர்களாக இருந்தால் எத்தனை காவல் படகு விட்டாலும் பிழைக்காது. கீழே சொல்லப்போகும் வேலைகள் எல்லாமே அந்த இரண்டு பட்டியலையும் நெருக்கிக் கொண்டுவரத்தான்.

கூட்டம் போடுவதற்கு முன்

முதல் கூட்டத்தை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள். அவசரப்பட்டுக் கூட்டினால் முன்வரிசையில் படகு உரிமையாளர்களும் சங்கப் பொறுப்பாளர்களும் மீன் எடுக்கும் வியாபாரிகளும் உட்காருவார்கள். அவர்கள் பேசுவதே ஊரின் பேச்சு என்று பதிவாகிவிடும். பங்குக்குக் கடலுக்குப் போகிறவர் பின்னால் நிற்பார். வாய் திறக்க மாட்டார், ஏனென்றால் நாளைக்கு அவரைப் படகில் ஏற்ற வேண்டியவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நீர் வற்றும் நேரத்தில் சேற்றிலும் பாறையிலும் சிப்பி, நண்டு, பாசி எடுக்கும் பெண்கள் கூட்டத்துக்கு வந்திருக்கவே மாட்டார்கள். பல இடங்களில் அவர்களை மீனவர் என்றே கணக்கில் எடுப்பதில்லை. உணவு வேளாண் அமைப்பும் டியூக் பல்கலைக்கழகமும் வேர்ல்ட்ஃபிஷ் நிறுவனமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலக மீன்பிடிப்பில் குறைந்தது 40 விழுக்காடு சிறு அளவு மீன்பிடிப்பிலிருந்து வருகிறது. பிடிப்பது முதல் விற்பது வரை அந்தத் தொழிலில் இருப்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் பெண்கள். சங்கப் பதிவேட்டைத் திறந்தால் பெண் பெயரைத் தேட வேண்டியிருக்கும்.

ஆகவே தொழில் நடக்கும் நேரத்துக்கு நீங்கள் போங்கள். படகு கரை சேரும்போது ஒரு முறை, நீர் வற்றும்போது ஒரு முறை, மீன் தரம் பிரிக்கும்போது ஒரு முறை. ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியது நான்கு விஷயம்: எதைக் கொண்டு பிடிக்கிறார், எங்கே, எந்த மாதங்களில், கிடைத்ததில் யார் யாருக்குப் பங்கு போகிறது. கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கக் கொஞ்ச நாள் ஆகும். அதில்தான் கடன் ஒளிந்திருக்கிறது. வலைக்கும் இன்ஜினுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட்டாக வேண்டும் என்று இருக்கிறவர், 'இந்த இடத்தில் இரண்டு மாதம் யாரும் பிடிக்காமல் மூடுவோம்' என்ற பேச்சை எப்படிக் கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது படம். பெரிய தார்ப்பாயை விரித்து, சுண்ணக்கட்டியைக் கொடுத்து, கடலை வரையச் சொல்லுங்கள். ஆண்கள் தனி, பெண்கள் தனி. இதை நான் எங்கே செய்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். ஆண்களின் படத்தில் ஆழமும் பாறைத் திட்டுகளும் நீரோட்டமும் நுணுக்கமாக இருக்கும். கரைக்கும் முதல் பாறைத் திட்டுக்கும் இடைப்பட்ட இடம் வெறுமையாகக் கிடக்கும். பெண்களின் படத்தில் அந்த இடம்தான் நிறைந்திருக்கும்: எந்தப் பள்ளத்தில் நண்டு, எந்த மேட்டில் சிப்பி, எங்கே கால் புதையும், எந்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்காமல் மூடும் பகுதியைத் தீர்மானித்தால், 'அங்கே யாரும் தொழில் செய்வதில்லை, அதை மூடிக்கொள்ளலாம்' என்று பெருந்தன்மையோடு அந்த வெறும் இடத்தைக் காட்டுவார்கள். இழப்புப் பட்டியல் முழுக்கப் பெண்களாகவும் லாபப் பட்டியல் முழுக்கப் படகுக்காரர்களாகவும் ஆகிவிடும். இரவில் டார்ச் வைத்துக்கொண்டு யாராவது அங்கே நண்டு எடுத்தால் அதற்குப் பெயர் விதி மீறலா?

பருவத்துக்கு வந்து போகும் வெளியூர்த் தொழிலாளிகளையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் இல்லாத மாதத்தில் எடுத்த முடிவு, அவர்கள் வந்திறங்கும் அன்றே உடையும்.

எல்லை யார் கையில்

மூடும் பகுதி எது என்பதைப் படகில் இருப்பவர் கண்ணால் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். மிதவை போட்டால் புயலில் போய்விடும், சில சமயம் கயிற்றுக்காகவே அறுத்துக்கொண்டும் போவார்கள். கரையிலிருக்கும் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் பிடித்து இடம் கணிப்பது மீனவர்களுக்குக் கைவந்த கலை. அந்தக் கோடுகளை வைத்தே எல்லையை வகுத்துவிடுங்கள். அதன் பிறகு ஜி.பி.எஸ். புள்ளிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கோடு மீனவருக்கு, புள்ளி வழக்குக்கு.

இதைவிட முக்கியம், வெளியாரைத் தடுக்கும் உரிமை. ஊர்க்காரர் விட்டுவைத்த மீனை வெளியூர் விசைப்படகு வாரிக்கொண்டு போனால் அடுத்த நாளே எல்லாரும் வலையை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள்; அதில் தப்பே இல்லை. சில நாடுகள் இதைச் சட்டத்திலேயே தெளிவாக வைத்திருக்கின்றன. ஜப்பானில் 1949 சட்டப்படி கரைக்கடல் மீன்பிடி உரிமை கூட்டுறவுச் சங்கங்களிடம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரை உள்ளாட்சிகளின் நீர்ப்பரப்பு. சிலியில் 1991 சட்டத்தின் கீழ், வரையறுத்த கடலடிப் பரப்பை மீனவர் சங்கங்களுக்கே ஒதுக்கினார்கள். லோகோ என்ற நத்தையைக் கண்மூடித்தனமாக எடுத்துத் தீர்த்து, அந்தத் தொழிலையே நாடு முழுக்க நிறுத்திவைக்க வேண்டிய நிலை வந்தபோது பிறந்த ஏற்பாடு அது. உங்கள் இடத்தில் அப்படி ஒரு பிடிமானம் சட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் மாவட்ட அளவிலாவது எழுத்தில் ஓர் ஆணை வாங்குங்கள். ஊர்த் தீர்மானத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பெரிய பரப்பை மூடாதீர்கள்.

அதிகாரம் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸின் இரண்டு சிறு தீவுகளை நான் எப்போதும் சொல்வேன். இரண்டிலும் சிலிமன் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் அல்காலாவும் அவர் குழுவும் வேலை செய்தார்கள். சுமிலோனில் பவளப்பாறையின் சுமார் கால் பகுதி 1974இல் மூடப்பட்டது. 1984இல் உள்ளூர் அரசியலில் ஆதரவு போய், பாதுகாப்பு சரிந்தது. மூடிய இடம் திறந்துவிட்டதே, பிடிப்பு கூடத்தானே வேண்டும்? இரண்டே ஆண்டுகளுக்குள் தீவின் மொத்தப் பிடிப்பு பாதிக்கு மேல் விழுந்தது. அதிகப் பரப்பில் பிடித்தும் குறைந்த மீன். 'மூடினால் எங்கள் இடம் சுருங்கிவிடும்' என்று வாதாடுகிறவர்களிடம் இந்த ஒரு கணக்கைச் சொன்னால் போதும், கூட்டத்தில் பேச்சு மாறும். பக்கத்து அபோ தீவில் 1982இல் தீவுக்காரர்களே முடிவெடுத்துப் பகுதியை மூடினார்கள், அவர்களே காவலும் இருந்தார்கள். அது நிலைத்தது. 1994இல் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்து நிர்வாகத்தை மேலே எடுத்துக்கொண்டபோது தீவுக்காரர்களுக்கு அது மனத்தாங்கலாகவே இருந்தது. நல்லது செய்கிறோம் என்றுதான் மேலே இருப்பவர்களும் நினைத்திருப்பார்கள்.

முதல் விதி சின்னதாக இருக்கட்டும்

புதிதாகத் தொடங்கும் ஊரில் நிரந்தரத் தடைப் பகுதி, கண்ணி அளவு, பருவத் தடை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். ஒரே ஓர் உயிரினம், ஒரே ஓர் இடம், சில மாதங்கள். அவ்வளவு போதும். வேகமாக வளர வேண்டும், இடம் விட்டு அதிகம் நகரக் கூடாது, விலை போக வேண்டும். இந்த மூன்றும் உள்ள உயிரைத் தேர்ந்தெடுத்தால் பலன் கண்ணில் படும்.

மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் ஆந்தவதுவாக்கா ஊர்க்காரர்கள் 2004இல் செய்தது இதைத்தான். பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிக்கும் பாறைத் திட்டு ஒன்றை ஏழு மாதம்போல மூடினார்கள். பேய்க்கணவாயின் ஆயுள் ஓர் ஆண்டு, சற்றுக் கூட. அதனால் சில மாதம் விட்டுவைத்தாலே எடை மளமளவென்று ஏறும். பலனைப் பார்த்து அக்கம்பக்கத்து ஊர்கள் தாமாகவே பின்பற்றின. இப்படி 36 முறை மூடித் திறந்ததை ஆராய்ந்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. மூடுவதற்கு முந்தைய 30 நாளோடு ஒப்பிட்டால், திறந்த பிறகான 30 நாளில் ஓர் ஆள் ஒரு நாளில் பிடிப்பது சராசரியாக 87 விழுக்காடு கூடியிருந்தது. ஒரு முறை மூடியது அந்த ஊர் பேய்க்கணவாய் பிடிக்கும் மொத்தப் பரப்பில் கால்வாசி வரைதான். மீதி இடத்தில் தொழில் நடந்துகொண்டே இருந்தது. மூடிய மாதங்களில் வருமானம் அடிபடாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபிஜியில் உசுனிவானுவா ஊர் 1997இல் ஒரு மட்டி இனத்துக்காக 24 ஹெக்டேர் பரப்பை மூன்று ஆண்டுக்கு மூடியது. அங்கே எனக்குப் பிடித்தது மூடியது அல்ல, எண்ணியது. ஊர்க்காரர்களே பல்கலைக்கழகத்தாரிடம் பயிற்சி எடுத்து, கோடு போட்டு, மூடிய இடத்திலும் அதை அடுத்துள்ள திறந்த இடத்திலும் மட்டிகளை எண்ணினார்கள். இரண்டு இடத்திலும் எண்ணிக்கை கூடியது. யாரோ நிபுணர் வந்து சொன்னால் தலையாட்டுவார்கள்; தங்கள் கையால் எண்ணியதைத்தான் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

இனி, பெரும்பாலான கையேடுகள் ஒரு வரியில் கடந்துபோகிற விஷயம்: திறக்கும் நாள். மூடுவது எளிது. மாதக்கணக்கில் விட்டுவைத்த இடத்தைத் திறக்கும் அன்று, எப்போதும் அந்தப் பக்கம் வராதவர்கூட வந்து நிற்பார். விடிவதற்குள் நூற்றுக்கணக்கான கால்கள் பாறையை மிதிக்கும். வியாபாரி, வரத்து குவியும் என்று தெரிந்து விலையை இறக்கி வைத்திருப்பார். இரண்டே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மூன்றாம் நாள் பழைய நிலைமை. ஆகவே மூடும் அன்றே திறக்கும் விதியையும் எழுதிவிடுங்கள். யார் யார் இறங்கலாம், எந்த நேரத்தில், என்ன கருவியோடு. முதல் நாள் கரையோரம் கால்நடையாக எடுப்பவர்களுக்கு மட்டும், அடுத்த நாள் படகுக்காரர்களுக்கு என்று பிரிக்கலாம். குறைந்தபட்ச எடையைச் சொல்லி, கரையிலேயே ஒரு தராசு வையுங்கள். விலையை இரண்டு மூன்று வியாபாரிகளிடம் முன்கூட்டியே பேசி, பலகையில் எழுதிப் போடுங்கள். ஐஸ் போதுமான அளவு வருகிறதா என்பதை முதல் நாள் மாலை ஒருவர் பொறுப்பேற்றுப் பார்க்க வேண்டும். அது இல்லாமல் போனால் விட்டுவைத்த மீன் எல்லாம் கருவாட்டு விலைக்குப் போகும். அக்கம்பக்கத்து ஊர்களும் அதே நாளில் தங்கள் இடத்தைத் திறக்க ஒத்துக்கொண்டால் கூட்டம் பிரியும்.

மூடிய காலத்தில் ஒரு கண் மீதி இடத்தின் மேலும் இருக்கட்டும். மூடிய இடத்திலிருந்து வெளியேறிய வலைகள் வேறெங்கோ இறங்கத்தான் செய்யும்.

அளவு, சினை, கணக்கு

கண்ணால் பார்த்ததும் தெரிகிற விதி, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விதியைவிட நீண்ட நாள் வாழும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் சிங்கி இறால் பிடிப்பவர்கள், முட்டையோடு பெண் சிங்கி கிடைத்தால் அதன் வால் துடுப்பில் ஆங்கில 'வி' வடிவத்தில் ஒரு வெட்டு போட்டுக் கடலில் விடுவார்கள். அடுத்த முறை முட்டை இல்லாமல் பிடிபட்டாலும், வெட்டைப் பார்த்ததும் இது தாய் என்று யாரும் எடுக்கக் கூடாது. விதி சிங்கியின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. 1995இல் அந்த மாநிலம் கடற்கரையை மண்டலங்களாகப் பிரித்து, எத்தனை பொறி வைக்கலாம் என்பது போன்ற விஷயங்களில் அந்தந்த மண்டலத்துத் தொழிலாளிகளே வாக்களிக்கவும் வழி செய்தது.

உங்கள் ஊருக்கு வேண்டியது ஓர் அளவுக்கட்டை. நண்டானால், ஓட்டின் அகலத்துக்குப் பலகையில் ஒரு வாய் வெட்டிக்கொள்ளுங்கள்: அந்த வாய்க்குள் நண்டு நுழைந்துவிட்டால் அது சிறிசு, கடலுக்கே திரும்ப வேண்டும். மீனானால், அடியில் அளவுகோல் ஒட்டிய பலகை, ஒரு முனையில் மூக்கு முட்ட ஒரு தடுப்பு. நீளத்தை வால் நுனி வரை எடுப்பதா, வால் பிளவு வரை எடுப்பதா என்பதை முதல் நாளே முடிவு செய்து பலகையிலேயே எழுதுங்கள். ஆளுக்கு ஒரு விதமாக அளந்தால் ஓராண்டுக் கணக்கும் வீண்.

அளக்க வேண்டியது தரம் பிரிப்பதற்கு முந்தைய கூடையை. பிரித்த பிறகு பெரிய மீன் ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம் போயிருக்கும். எதை அளந்தாலும் பொய்யான படம்தான் கிடைக்கும். வாரத்துக்கு ஒரு நாள், மூன்று நான்கு படகு போதும். கூடவே எத்தனை பேர், எத்தனை மணி நேரம் போனார்கள் என்பதையும் குறியுங்கள். நேற்று 40 கிலோ, இன்று 40 கிலோ என்றால் நிலைமை மாறவில்லை என்று தோன்றும். இன்று இரண்டு மடங்கு நேரம் ஓடிப் பிடித்திருந்தால் அது சரிவு.

கணக்கை வைத்து என்ன கேட்பது? ஜெர்மானிய மீன் அறிஞர் ராய்னர் ஃப்ரோசே 2004இல் எளிய மூன்று கேள்விகளைச் சொன்னார். பிடிபட்டதில் எத்தனை பங்கு ஒரு முறையாவது முட்டையிடும் அளவை எட்டியவை? எத்தனை பங்கு நல்ல எடை போட்ட நடுத்தர அளவில் இருக்கின்றன? கிழட்டுப் பெருமீன்கள் எத்தனை? முதல் இரண்டும் கூட வேண்டும், மூன்றாவது குறைய வேண்டும். மூன்றாவதை ஏற்கவைப்பதுதான் பெரும்பாடு. பெரிய மீனைப் பிடிப்பதுதானே திறமை! இங்கே ஒரு கணக்கு உதவும்: 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு அட்லாண்டிக் காட் மீன் இடும் முட்டை, 2 கிலோ எடையுள்ள 28 மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகம் என்று 2018இல் வந்த ஆய்வு காட்டியது. களவா போன்ற மீன்களில் இன்னொன்றும் உண்டு. பல இனங்கள் பெண்ணாக வளர்ந்து பின்னால் ஆணாக மாறுபவை. பெரியதையே தேடிப் பிடித்தால் ஆண் இல்லாமல் போகும்.

இந்தக் கணக்கைச் செயலியில் ஏற்றி எங்கோ அனுப்பிவிடாதீர்கள். ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு பெரிய பலகையில் மாதாமாதம் கோடு இழுத்துக் காட்டுங்கள். எழுதுகிறவர் ஊர்க்காரராக இருக்கட்டும். அவருக்கு ஒரு தொகையும் கொடுங்கள். இலவசமாகச் செய்யும் வேலை மழைக்காலத்தில் நின்றுவிடும்.

வாங்குகிற கையும் விதிக்குள் வர வேண்டும். கேரளத்தின் அஷ்டமுடி ஏரியில் மட்டி எடுப்பு அளவுக்கு மீறிப்போனபோது வந்த கட்டுப்பாடுகளைப் பாருங்கள்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இனப்பெருக்க காலத்தில் எடுக்கக் கூடாது, வலைக் கண்ணி 30 மில்லிமீட்டர், ஏற்றுமதிக்குப் போகும் மட்டி இறைச்சி கிலோவுக்கு 1,400 எண்ணிக்கைக்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது விதி ஏற்றுமதியாளரைப் பிடிக்கிறது. பொடி மட்டியை வாங்க ஆள் இல்லை என்றால் அதை அள்ள ஆள் இறங்க மாட்டார். 2014 நவம்பரில் அந்தத் தொழில் இந்தியாவிலேயே முதலாவதாக, வளம் குலையாமல் பிடிக்கும் தொழில்களுக்குக் கொடுக்கப்படும் எம்.எஸ்.சி. என்ற சர்வதேசச் சான்றிதழைப் பெற்றது.

யாருக்கு எந்த இடம்

சண்டைகளில் பாதி மீன் குறைந்ததால் வருவதில்லை, நல்ல இடம் யாருக்கு என்பதில் வருகிறது. துருக்கியின் அலானியாவில் 1970களில் அங்கிருந்த நூறு மீனவர்போல உட்கார்ந்து ஒரு முறை கண்டுபிடித்தார்கள். வலை போடத்தக்க இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்துப் பட்டியல். செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஓர் இடம். ஜனவரி வரை ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் இடமாகக் கிழக்கே நகர வேண்டும். பிறகு மே வரை மேற்கே. நல்ல இடம் எல்லாருக்கும் ஒரு நாள் வரும். தன் முறை வரும் அன்று அங்கே வேறு யாராவது வலை போட்டிருந்தால் உரிமைக்காரர் சும்மா விடுவாரா? காவலுக்குத் தனியாக ஆள் தேவைப்படவில்லை. பொதுவளங்களை மக்களே நிர்வகிப்பதை ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் வாங்கிய எலினோர் ஆஸ்ட்ரம் இந்த ஊரை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார்.

பழவேற்காடு ஏரியின் பாடு முறையும் இதே குலுக்கல் சுழற்சிதான். அதைப் புகழ்ந்து மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உறுப்பினர்களுக்குள் நியாயமான முறை. ஆனால் உறுப்பினர் ஆகும் தகுதி குறிப்பிட்ட சாதிகளுக்கு மட்டுமே என்பதால் மற்றவர்கள் வெளியே நிற்கிறார்கள். பழைய முறை ஒன்று கையில் கிடைத்தால் அதை அப்படியே சட்டமாக்குவதற்கு முன் என் இரண்டு பட்டியலையும் ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

இன்னும் ஒரு படி மேலே போனவர்கள் ஜப்பானின் சுருகா வளைகுடாவில் சகுரா இறால் பிடிப்பவர்கள். எல்லாப் படகின் விற்பனைத் தொகையும் ஒரே பானையில் விழும், பிறகு பிரித்துக்கொள்வார்கள். அதனால் போட்டி போட்டுக்கொண்டு அள்ள வேண்டிய அவசியம் இல்லை. எல்லாக் கரைக்கும் இது ஒத்துவராது. படகுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் யோசிக்கலாம்.

மீறினால்

முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை பிடித்த மீன் ஊர்ப் பொதுவுக்கு, மூன்றாம் முறை சில நாள் தொழில் நிறுத்தம். இப்படிப் படிப்படியாக ஏற வேண்டும். முதல் தப்புக்கே வலையைப் பறித்தால் அந்தக் குடும்பமும் அதன் சொந்தபந்தமும் விதிக்கே எதிரியாகிவிடும். விதி எழுதிய குழுவில் இருப்பவரின் தம்பி மாட்டினால் என்ன செய்வது என்பதையும் யாராவது மாட்டுவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். அன்றைக்கு ஊர் பார்க்கப்போவது அதை மட்டும்தான்.

வெளியூர்ப் படகு வந்தால் ஊர்க் காவலர்கள் துரத்தவோ ஏறவோ கூடாது. உயிர் போகும். தூரத்திலிருந்தே பதிவு எண், நேரம், ஜி.பி.எஸ். புள்ளி, ஒரு படம். தகவலை யாருக்குச் சொல்ல வேண்டும், அவர் எவ்வளவு நேரத்தில் வர வேண்டும் என்பது துறையோடு எழுத்து மூலம் ஒப்பந்தமாக இருக்க வேண்டும். அவர் வராத ஒவ்வொரு முறையையும் தேதியோடு அதே புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாலே போதும், குரல் உயர்த்த வேண்டியதில்லை.

பெரிய மூடல் கேட்கும் நிலை வந்தால்

மெதுவாக வளரும் மீனுக்குச் சில மாதங்கள் போதாது. ஜப்பானின் அகிதாவில் ஹதஹதா என்ற மீன் 1960களில் ஆண்டுக்கு 20,000 டன்னுக்கு மேலும் கிடைத்தது. 1991இல் அது சுமார் 70 டன். 1992 செப்டம்பர் முதல் மூன்று ஆண்டு அந்த மீனை அறவே தொடுவதில்லை என்று மீனவர்கள் தாங்களே முடிவெடுத்தார்கள். திறந்த பிறகும், கடலில் இருப்பதாகக் கணித்ததில் பாதிக்கு மேல் எடுப்பதில்லை என்று வரம்பு வைத்துக்கொண்டார்கள். பிடிப்பு பின்னர் ஆயிரக்கணக்கான டன்னுக்கு ஏறியது.

இதைப் படித்துவிட்டு நேராக மூன்றாண்டு மூடலுக்குப் போய்விடாதீர்கள். அங்கே வலுவான கூட்டுறவுச் சங்கம் இருந்தது, சட்ட உரிமை இருந்தது, வேறு மீனும் இருந்தது. உங்கள் ஊரில் மூடும் மாதங்களில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எப்படி எரியும் என்று வீடு வீடாக எழுதிப் பாருங்கள். மாற்று மீன் உண்டா, கடன் தவணையைத் தள்ளிவைக்க வியாபாரி ஒத்துக்கொள்வாரா, அரசின் தடைக்கால உதவி படகில் பங்குக்குப் போகிறவருக்கும் வருமா, இல்லை உரிமையாளர் பெயருக்கு மட்டும்தானா? கையில் பணம் வராத வீடுகள் அதிகமாக இருந்தால் காலத்தைக் குறையுங்கள், பரப்பைக் குறையுங்கள். கோழிப் பண்ணை, தையல் இயந்திரம் என்று மாற்றுத் தொழில் கொடுத்தால் மீன்பிடிப்பு குறைந்துவிடும் என்பதை நான் நம்புவதில்லை. அந்த வருமானம் வருகிற வீட்டில் புது வலை வாங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

திட்டப் பணம் நிற்கும் நாளுக்கும் இப்போதே கணக்குப் போடுங்கள். காவல் படகு டீசல், கணக்கெழுதுபவர் சம்பளம், பலகை, கூட்டச் செலவு. நான்கையும் கூட்டி, ஏலத் தொகையில் எவ்வளவு பிடித்தால் அது வரும் என்று பாருங்கள். வராது என்றால் காவல் பரப்பைச் சுருக்க வேண்டும்.

விதித் தாளின் கடைசியில் மூன்று விஷயம் எழுதுங்கள். மறுபார்வைக் கூட்டத்தின் தேதி. கணக்குப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது. கூட்டம் நடக்காவிட்டால் விதி எந்த நாளோடு காலாவதி ஆகும். மூன்றாவதற்கு அதிகாரிகள் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வாதாடி வாங்குங்கள். அந்த நாள் நெருங்கும்போது, விதி வேண்டும் என்கிறவர்கள் உங்களை எதிர்பார்க்காமல் தாங்களே கூட்டத்தைக் கூட்டுவார்கள். யாரும் கூட்டவில்லை என்றால் அந்த விதி அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. தார்ப்பாயை விரித்து மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.